பருமனான பெண்களுக்கு நடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, பெண்களின் எடைக் குறைப்பைப் பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். உணவைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் நடுவில் வரும் ஒரு பத்தி, பெண்களுக்கு நடைப்பயிற்சியே போதும் என்றும், எடை தூக்கிப் பயிற்சி செய்தால் உடம்பு குறைவதற்கு மாறாக ஏறிவிடும் என்றும், ஆகவே அதை இளைஞர்களுக்கு விட்டுவிடலாம் என்றும் கூறுகிறது. முப்பத்தோராண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், 74 கிலோ உடம்போடு ஓய்வுக்கு வந்து கடந்த இரண்டாண்டுகளாக எடைப் பயிற்சி செய்துவருகிறவள் என்ற முறையிலும் அந்தப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. எடை சற்று ஏறும் என்பது ஓரளவு உண்மைதான். ஏறுவது எது என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கும் உடல் நிறைக் குறியீட்டு எண் 25ஐத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் நாடு முழுவதும் நூற்றுக்கு 24 பேர். தமிழ்நாட்டில் 40 பேர். நம் புதுச்சேரியில் 46 பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் நாட்டில் 11.4 சதவீதம் என்றால் புதுச்சேரியில் 26.3 சதவீதம் என்று கண்டது. 26.4 சதவீதத்தோடு கோவா நம்மை மயிரிழையில் முந்தியிருக்கிறது. இந்தப் போட்டியில் நாம் தோற்றதற்காக யாரும் மகிழ வேண்டியதில்லை. நம் நாட்டு உடலமைப்புக்கு அந்தக் குறியீட்டு எண் 23ஐ எட்டினாலே அதிக எடை என்று இங்குள்ள மருத்துவர்கள் வரையறுத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் தெருவில் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் நடுவயதுப் பெண்கள் மிகச் சிலரே.

பருமனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கொழுப்பைப் பற்றியே பேசுகிறார்கள். தசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் இன்சுலின் செலுத்தி அனுப்பும் பங்கின் மிகப் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு, எலும்போடு ஒட்டிய தசைகளுக்குள்தான் போகிறது. அங்கே அது கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகக் கோக்கப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. ஒரு வளர்ந்த மனிதரின் கல்லீரலில் 100 கிராம் அளவுக்கும், தசைகள் அனைத்திலுமாகச் சேர்த்து 300 முதல் 500 கிராம் வரையும் கிளைக்கோஜன் இருக்கும். அதாவது சமையலறையில் அன்றாடம் கைவிட்டு அளந்தெடுக்கும் அரிசிப் பானை அது. உடற்கொழுப்போ கூடத்து மூலையில் நிற்கும் நெற்குதிர். பானையில் இடம் இருந்தால் வந்த அரிசி பானைக்குப் போகும். பானை நிரம்பி வழிந்துகொண்டே இருந்தால், எஞ்சியது இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, கல்லீரலில் கொழுப்பாக மாறி, கடைசியில் அந்தக் குதிருக்குள்தான் போய்ச் சேரும். நம்மில் பெரும்பாலோரின் சிக்கல், மூன்று வேளையும் அரிசி போட்டுக்கொண்டே பானையை ஒருநாளும் கவிழ்க்காததுதான்.

இந்தப் பானை ஒன்றல்ல, பல என்பதை மாணவியருக்கு விளக்க நான் ஒவ்வோராண்டும் ஒரு பழைய சோதனையைச் சொல்வதுண்டு. 1966ஆம் ஆண்டு, சுவீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே மிதிவண்டிக்கு இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், இனி முடியாது என்னும்வரை மிதித்தார்கள். பின்பு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்ட உணவும் ஓடிய இரத்தமும் ஒன்றே. ஆயினும் உழைத்த காலில் கிளைக்கோஜன் ஏறத்தாழ இரு மடங்காக ஏறியிருந்தது, ஓய்ந்திருந்த காலில் அவ்வளவு மாற்றமில்லை. இரண்டு செய்திகள் இதிலிருந்து கிடைத்தன. காலியான பானை முன்பிருந்ததைவிடப் பெரிதாகி நிரம்புகிறது என்பது ஒன்று. உழைக்காத தசையின் பங்கை உழைத்த தசை வாங்கித் தராது என்பது மற்றொன்று. கல்லீரலைப் போலத் தன் சேமிப்பைச் சர்க்கரையாக்கி இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பத் தேவையான நொதி தசையில் இல்லாததால், ஒரு தசையில் போட்டுவைத்ததை அந்தத் தசைதான் செலவழித்தாக வேண்டும். தோளிலும் முதுகிலும் கையிலும் கிடக்கும் கிளைக்கோஜனைக் கால்கள் நடந்து தீர்க்க முடியாது.

நடையை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் வாரத்தில் நான்கு நாள், தலைமைச் செயலகப் பக்கம் தொடங்கி டூப்ளே சிலை வரையிலும் மீண்டும் திரும்பியும் கடற்கரைச் சாலையில் நடக்கிறவள்தான். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை நிறுத்தி அந்தச் சாலையை நடப்பவர்களுக்கு விட்டிருப்பது இந்த ஊரின் நல்ல பழக்கங்களுள் ஒன்று. நடை இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது. ஆனால் பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் நம் தசை செலவழிப்பது பெரும்பாலும் கொழுப்பையும் இரத்தத்துச் சர்க்கரையையும் கொஞ்சம் கிளைக்கோஜனையும்தான். பெண்களின் உடல் நெடுநேரம் செய்யும் மெதுவான உழைப்பில் ஆண்களைவிடக் கொழுப்பை அதிகமாகவும் கிளைக்கோஜனைக் குறைவாகவும் எடுத்துக்கொள்கிறது என்பதும் பல சோதனைகளில் தெரியவந்த ஒன்று. அதைவிட முக்கியமானது, நம் தசையில் மெது இழைகள், வேக இழைகள் என்று இருவகை இருப்பதும், சிறிய வேலைக்கு நரம்பு மெது இழைகளையே முதலில் அழைப்பதும், சுமை கூடினால் மட்டுமே வேக இழைகளை எழுப்புவதும் ஆகும். பருமனானவர்களின் தசைகளில் மெது இழைகளின் பங்கு குறைந்தும் வேக இழைகளின் பங்கு கூடியும் இருப்பதைத் தசைத் துணுக்குகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக, யாருடைய தசையில் வேக இழைகள் மிகுதியோ, அவரையே அந்த இழைகளைத் தொடாத பயிற்சியோடு நிறுத்திவைக்கிறோம். அவற்றில் கிடக்கும் சேமிப்பு பெரும்பாலும் செலவழியாமலே இருக்கிறது.

எடை தூக்கும்போது நடப்பது வேறு. முதல் ஓரிரு நொடிகளுக்குத் தசையில் தயாராக இருக்கும் ஆற்றல் மூலக்கூறுகளும், பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் கைகொடுக்கும். பத்துப் பன்னிரண்டு முறை விடாமல் தூக்கி இறக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், எஞ்சிய நேரத்துக்குத் தசை தன் கிளைக்கோஜனைத்தான் உடைத்தாக வேண்டும். ஆண்களிடம் செய்த சோதனைகளில், ஒரே அமர்வில் உழைத்த தசையின் கிளைக்கோஜன் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைந்திருக்கிறது. வேக இழைகளில் குறைவு இன்னும் அதிகம். அந்த அரை மணி நேரத்தில் மொத்தமாகச் செலவாகும் கலோரி என்னவோ சொற்பம்தான், வீடு திரும்பும் வழியில் இரண்டு வடை தின்றால் கணக்கு நேராகிவிடும். கலோரிக் கணக்கை மட்டும் பார்க்கிறவர்கள் எடைப் பயிற்சியை ஒதுக்குவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அரை மணியின் பயன் அந்த அரை மணியில் இல்லை. காலியான தசை, கிளைக்கோஜனைக் கோக்கும் நொதியை முடுக்கிவிட்டுக்கொண்டு, அடுத்த ஒன்று அல்லது இரண்டு நாள்களுக்கு இரத்தத்திலிருந்து சர்க்கரையை அதிக ஆவலோடு இழுத்துக்கொள்கிறது. மறுநாள் காலை தின்னும் நான்கு இட்லி குதிருக்குப் போவதற்கு முன் பானையைத் தேடிப் போகிறது.

நீரிழிவின் தொடக்கத்தில் கெட்டுப்போவதும் இந்த இடம்தான். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷுல்மன் குழுவினர், காந்தப்புலக் கருவியால் தசைக்குள் கிளைக்கோஜன் சேர்வதை நேரடியாக அளந்தபோது, நீரிழிவு உள்ளவர்களின் தசையில் அது சேரும் வேகம் மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது, கதவு திறக்கவில்லை. குளூட் 4 என்னும் புரதமே அந்தக் கதவு. அது தசைச் செல்லின் உட்புறம் ஒதுங்கிக் கிடந்து, இன்சுலின் கூப்பிட்டால் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரிந்தாலோ, இன்சுலினைக் கேட்காமலேயே வரும். இயற்கை வைத்திருக்கும் கொல்லைப்புற வழி இது என்று வகுப்பில் சொல்வேன். முன்வாசல் துருப்பிடித்தவர்களுக்கும் கொல்லைப்புறம் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. டென்மார்க்கில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் ஒரு காலுக்கு மட்டும் வாரம் மூன்று முறை, ஒரு முறைக்கு அரை மணிக்கு மேற்படாமல், ஆறு வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி பெற்ற காலில் அந்தக் கதவுப் புரதம் 40 சதவீதம் கூடியிருந்தது. பங்கேற்றவர்கள் அனைவரும் ஆண்கள். தசையைப் பற்றிய ஆய்வுகளில் இந்தக் குறை வழக்கமாகவே இருக்கிறது, ஊசிக்குத் தொடையைக் காட்டப் பெண்களைக் கேட்கத் தயங்கினார்களோ என்னவோ.

பெண்கள் பெரும்பான்மையாக இருந்த ஆய்வு ஒன்று உண்டு. என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது என்றுகூடச் சொல்லலாம். 2002இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து வெளியானது. நீரிழிவு உள்ள, சராசரியாக 66 வயதான 62 பேர்; அவர்களில் 40 பேர் பெண்கள். ஒரு பாதியினர் வழக்கமான மருத்துவத்தோடு வாரம் மூன்று நாள் கண்காணிப்பில் எடைப் பயிற்சி செய்தார்கள். மறு பாதியினர் வழக்கமான மருத்துவத்தை மட்டும் தொடர்ந்தார்கள். பதினாறு வாரம் கழித்துத் தசைத் துணுக்கை அளந்தபோது, பயிற்சி செய்தவர்களின் தசைக் கிளைக்கோஜன் கிலோவுக்கு 60.3 மில்லிமோல் என்பதிலிருந்து 79.1ஆக உயர்ந்திருந்தது. செய்யாதவர்களுக்கோ 61.4இலிருந்து 47.2ஆகச் சரிந்திருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சர்க்கரை அளவு, பயிற்சி செய்தவர்களுக்கு 8.7 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதமாக இறங்கியது, அவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு நீரிழிவு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. இதோடு, உடலில் கொழுப்பல்லாத பகுதி 1.2 கிலோ கூடியது. நடு உடம்பின் கொழுப்பு 0.7 கிலோ குறைந்தது. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் தங்கள் கட்டுரையாளர் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும். எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏறியிருந்தால் அந்தப் பெண்மணிகள் கொஞ்சம் கூடித்தான் இருந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து, பயிற்சியை நிறுத்துங்கள் என்று யாராவது சொல்வார்களா?

சொல்கிறார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, என் பேச்சைக் கேட்டு நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். மூன்று வாரத்தில் அவர் எடை 81இலிருந்து 82ஆனது. "டீச்சர், காசு கொடுத்துக் குண்டாயிட்டு வரேன்" என்று வந்து நின்றார். பயிற்சியாளர் எடைக் கட்டைகளை நிறுத்திவிட்டு ஓடும் பட்டையில் மட்டும் நடக்கச் சொன்னதோடு, மதியச் சோற்றையும் நிறுத்தியிருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் அந்தப் பெண்மணி கூடத்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். அவருக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் எழுதுகிறேன். ஒரு கிராம் கிளைக்கோஜன் தனியாகச் சேர்வதில்லை. ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு பெண்ணின் தசைகளில் 300 கிராம் கிளைக்கோஜன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, பாஸ்டன் ஆய்வில் கண்டதைப் போல அது முப்பது சதவீதம் உயர்ந்தால், 90 கிராம் கிளைக்கோஜனும் 270 கிராம் தண்ணீருமாக 360 கிராம் ஏறும். புதிதாகப் பயிற்சி செய்யும் தசை வலியெடுத்துச் சற்றே நீர் கோத்துக்கொள்வது வேறு. காலையில் பார்த்த எடைக்கும் மாலையில் பார்த்த எடைக்கும் உள்ள வேறுபாடு இன்னொன்று. ஒரு கிலோ முழுவதும் கிளைக்கோஜனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு கிலோவில் கொழுப்பு அநேகமாக இல்லை என்று சொல்வேன். மூன்று வாரத்தில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் ஏழாயிரம் கலோரிக்கும் அதிகமாகத் தின்றிருக்க வேண்டும், அவரோ பாதிச் சோறுதான் தின்றுகொண்டிருந்தார்.

இதே கணக்கின் மறுபுறத்தில்தான், "ஒரே வாரத்தில் இரண்டு கிலோ குறையுங்கள்" என்ற விளம்பரங்கள் பிழைப்பு நடத்துகின்றன. சோற்றையும் இட்லியையும் அடியோடு நிறுத்தினால், சில நாளில் கல்லீரலில் உள்ள கிளைக்கோஜனின் பெரும்பகுதியும் தசையில் உள்ளதில் ஒரு பங்கும் கரையும். 300 கிராம் கரைந்தால் அதோடு 900 கிராம் தண்ணீரும் சிறுநீராக வெளியேறும்; இயந்திரத்தின் முள் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும். குதிரில் ஒரு படி நெல் குறைந்திருக்காது. ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு வந்தால் இறங்கியது ஏறிவிடும். இதை எடைக் குறைப்பு என்று காசு வாங்குகிறவர்களைக் குறை சொல்லி என்ன, அதை அச்சிட்டுத் தருகிற பக்கங்களும் நம்மிடம் இருக்கின்றனவே. நெடுநாள் பட்டினியால் குறைக்கும்போது இன்னொரு கேடும் சேர்கிறது: குறைகிற எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத உடம்பிலிருந்து போகிறது. பானையையே உடைத்து எடையைக் குறைப்பது போன்றது இது. பட்டினியோடு எடைப் பயிற்சியும் இருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது.

தசைக்குள் இருக்கும் கொழுப்பைப் பற்றியும் ஒரு சொல். கிளைக்கோஜன் தவிர, தசையிழைகளுக்குள்ளேயே நுண்ணிய கொழுப்புத் துளிகளாகவும் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. பெண்களிடம் இது ஆண்களைவிடச் சற்று அதிகம். பருமனானவர்களிடம் இந்தத் துளிகள் மிகுந்திருப்பதும், அவற்றிலிருந்து பிறக்கும் சில துணைப்பொருள்கள் இன்சுலினின் சொல் செல்லுக்குள் கேட்காதபடி தடுப்பதும் அறியப்பட்டவை. ஆனால் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் தசையிலும் இதே துளிகள் ஏராளமாக இருக்கின்றன, அவர்களுக்கோ இன்சுலின் மிக நன்றாக வேலை செய்கிறது. இந்த முரண் 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தெளிவாகப் பதிவானது. அரிசிக் கடையில் மூட்டைகள் அடுக்கியிருப்பதும், பூட்டிய கிடங்கில் மூட்டைகள் மக்கிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல அல்லவா? எண்ணிக்கையைவிட, அன்றாடம் வந்து போகிறதா என்பதே பொருள். எடைப் பயிற்சியால் இந்தத் துளிகளின் அளவு குறைந்தே தீரும் என்று நான் எழுதத் துணிய மாட்டேன். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கிளைக்கோஜனைப் பற்றிச் சொல்லும் உறுதியோடு இதைச் சொல்ல முடியாது.

பெண்கள் எடை தூக்கினால் ஆண்பிள்ளையைப் போல் ஆகிவிடுவார்கள் என்ற அச்சத்தையும் கட்டுரையில் மறைமுகமாகக் கண்டேன். தசையைப் பெரிதாகப் புடைக்கவைக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களிடம் ஆண்களுக்குள்ளதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்தும் குருசுக்குப்பத்திலிருந்தும் தலையில் மீன்கூடையைச் சுமந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்த பாட்டிமார்களை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. அவர்களை யாரும் ஆண்பிள்ளை என்று சொன்னதில்லை, சொல்லித் தப்பியிருக்கவும் முடியாது. என் அம்மா அம்மியில் அரைத்தார், ஆட்டுக்கல்லைச் சுற்றினார், கிணற்றிலிருந்து முப்பது வாளி இறைத்தார். அவை யாவும் கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் ஆன எடைப் பயிற்சிகளே. மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் வந்து அந்த உழைப்பு போனது. போனதற்காக நான் வருந்தவில்லை. அரை வயிற்றுக் கஞ்சியோடு அவ்வளவு வேலை செய்து நாற்பதிலேயே முதுகு கூனிய பெண்களையும் நான் அறிவேன். உழைப்பு போன இடத்தில் உணவு மட்டும் கூடியது என்பதே என் முறையீடு.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கையூன்றி மார்பால் தள்ளுவது, ரப்பர்ப் பட்டையைக் கதவில் மாட்டி இழுப்பது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தோளுக்கு மேல் உயர்த்துவது, இவற்றோடு தொடங்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது 25 கிலோ அரிசிச் சிப்பத்தை யாரையும் கூப்பிடாமல் தூக்கிவைக்கிறேன். ஒரு தடவைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, கடைசி இரண்டு முறை உண்மையிலேயே சிரமமாக இருக்க வேண்டும்; சிரமமில்லாவிட்டால் வேக இழைகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். எளிதாகிவிட்டால் சுமையைக் கூட்ட வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, இரண்டு நாளாவது பெருந்தசைகள் அனைத்துக்கும் வலுப்பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த நெறிமுறையின் முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், தங்கள் கட்டுரையும் காட்டியது. இரண்டாம் பாதி எங்கோ உதிர்ந்துவிட்டது. தசையின் ஆவல் இரண்டு நாளில் தணிந்துவிடுவதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியின்றி இருக்க வேண்டாம் என்று நீரிழிவு மருத்துவர்கள் சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். இன்சுலின் ஊசியோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரைகளோ எடுத்துக்கொள்கிறவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது; தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது.

வாய்ப்பு இல்லாத இடத்தில் அறிவுரை பயன்படாது. நம் பூங்காக்களில் வைக்கப்பட்டுள்ள திறந்தவெளிக் கருவிகளில் பெரும்பாலானவை காலை வீசி ஆடுவதற்கும் இடுப்பைத் திருப்புவதற்கும் ஆனவை. சுமையைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லாதவை. எடையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி ஊஞ்சலாடிவிட்டு வர வேண்டியதுதான். உடற்பயிற்சிக் கூடங்களில் எடைக் கட்டைகள் இருக்கும் மூலை இளைஞர்களின் இடமாக இருக்கிறது, ஐம்பது வயதில் சுடிதாரோடு அங்கே போய் நிற்கும் பெண்ணை எல்லாக் கண்ணாடிகளும் பார்க்கின்றன. இதற்கு மாற்றாக, நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க மாதந்தோறும் பெண்கள் கூடும் நாளிலேயே, அரை மணி நேரம் ஓர் இயன்முறை மருத்துவரைக் கொண்டு ரப்பர்ப் பட்டைப் பயிற்சியைக் கற்றுத்தரலாம். எல்லையைத் தாண்டினால் கடலூர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அங்கே மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. மாத்திரை வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரச் சொல்லித்தர நமக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மாலையில் வண்டிகள் ஓயும் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு அருகே, வாரம் இரண்டு நாள் பெண்களுக்கென அரை மணி ஒதுக்கினால் நானும் வந்து நிற்கத் தயார்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரையோடு, வாரந்தோறும் எடையைக் குறித்துவைக்க ஓர் அட்டவணை அச்சிட்டிருந்தீர்கள்; எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் குளிர்பெட்டிக் கதவுகளில் அது ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். அதில் கிலோவுக்கு ஒரு கட்டம் மட்டுமே இருக்கிறது. அதைத் திருத்தி, கையூன்றாமல் எத்தனை முறை எழுந்து அமர முடிந்தது என்பதற்கு ஒரு கட்டமும், இடுப்புச் சுற்றளவுக்கு ஒரு கட்டமும் சேர்த்து மீண்டும் வெளியிட வேண்டுகிறேன். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் நாட்டுக்கு வகுத்த எல்லை. இந்த இரண்டாண்டில் நான் குறைந்தது இரண்டே கிலோ. இடுப்பில் ஏழு சென்டிமீட்டர் குறைந்திருப்பதை அளந்து சொன்னவர் அந்தத் தையற்கடைப் பெண்மணிதான். பழைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது நாடாவைத் திரும்பவும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.